மாதம் முடியுமுன் தீரும் மூட்டை

அஹமது கபீர் ஒரு பையைக் கையில் தூக்கினாலே அதன் எடையைச் சொல்லிவிடுவார். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தவறாது. வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில், சமையல்கூடத்து ஸ்டோருக்குப் பத்தொன்பது வருடம் பொறுப்பாக இருந்து பழகிய கை அது. நானூறு பேருக்கு உலை வைக்கும் இடம். அங்கே திருட்டு மூட்டை மூட்டையாக நடக்காது, கரண்டி கரண்டியாக நடக்கும் என்பதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டார். ஷாம்பு பாட்டிலில் சமையல் எண்ணெய் வெளியே போனதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்காகச் சம்பளம் கூடியது. சந்தேகப்படுவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் அவர் அதை நன்றாகத்தான் செய்வார். வேலை போன பிறகு அதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியாது.

நாற்பத்தைந்து வயதில் ஊருக்கு வந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினேழு வருடம். ஆனால் மனைவி ஷமாவும் அவரும் சேர்ந்தாற்போல மூன்று மாதம் ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை. லீவில் வருவார், விருந்துகளுக்குப் போவார், பெட்டி கட்டுவார். ஷமாவும் மகள் அனீஸாவும் முத்துப்பேட்டையில் கபீரின் அண்ணன் ஜாபிர் வீட்டுக் கூட்டுக் குடும்பத்தில் இருந்தார்கள். பணம் ஜாபிரின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து அரிசியாகவும் மீனாகவும் மின்கட்டணமாகவும் மாறும். எப்படி மாறுகிறது என்று கபீர் கேட்டதில்லை. ஊரில் இருந்தவர்களைச் சந்தேகிக்க அவருக்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

பெருநாள் கழிந்து ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியில் ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்தார். ஒரே தொகையாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். முள்ளியாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். ஷமாவின் அக்காள் ஆசியா பள்ளிவாசல் தெருவில் இருந்தது இந்த ஊரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். பெயின்ட், சிமென்ட் விற்கும் கடையின் குடோனில் கபீருக்கு வேலை கிடைத்தது இன்னொரு காரணம். சம்பளம் பதினெட்டாயிரம். கேம்ப்பில் வாங்கியதில் கால்வாசி.

"இனிமே போகமாட்டேன்," என்று பால் காய்ச்சிய அன்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது அது உண்மைதான். ஆனால் தன் வாயிலிருந்து வந்ததையும் எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு சோதனை வைத்துக்கொண்டார். ஏப்ரல், மே, ஜூன். இந்த மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது வீட்டுச் செலவு சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்து, பேங்கில் கிடக்கும் செட்டில்மென்ட் பணத்தைத் தொடக்கூடாது. அடங்கினால் இருப்பது. அடங்காவிட்டால் திரும்பப் போவது. கேம்ப்பில் கூட இருந்த ஹம்தான் இப்போது அங்கே சூப்பர்வைசர். ஜூன் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாக அவர் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, குடி வந்த முதல் வாரமே கபீர் ஸ்டூடியோவுக்குப் போய் வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் மாதத்துப் பட்ஜெட்டை அவர் வாயாலேயே அறிவித்தார். பால் இவ்வளவு, மீன் வாரத்தில் மூன்று நாள், கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும், கேஸ் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம், கரன்ட் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அரிசி ஒரு மூட்டை ஒரு மாதம்.

"டீக்குச் சர்க்கரை எத்தன கிராம் அத்தா?" என்று அனீஸா கேட்டாள். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பேச்சில் உம்மாவைவிடக் காரம்.

"தலைக்கு பத்து."

"வெளையாட்டுக்குக் கேட்டேன். நெஜமாவே வெச்சிருக்கீங்களா?"

"எல்லாத்துக்கும் அளவு இருக்கு."

"அப்ப எனக்கு ஐடி கார்டு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. மெஸ்ஸுக்கு வரும்போது காட்டிட்டுச் சாப்புடுறேன்."

ஷமா சிரிக்கவில்லை. கணவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கபீருக்கு அதுவே கொஞ்சம் உறுத்தியது. அவர் பார்த்த சமையல்காரர்களில், அளவைச் சொன்னதும் எதிர்த்துப் பேசுகிறவன் பெரும்பாலும் நேர்மையானவனாக இருந்தான்.

அரிசி பஞ்சநதம் மளிகையிலிருந்து வந்தது. மூட்டையைத் தூக்கிய உடனே கபீருக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, இது இருபத்தஞ்சு இல்லியே."

"இருபத்தாறு பாய். மூட்டையிலயே போட்டுருக்கு பாருங்க."

"எதுக்கு ஒரு கிலோ கூட?"

"இருபத்தஞ்சு வரைக்கும் பாக்கெட் போட்டா வரி. அதத் தாண்டிட்டா இல்ல. அதனால மில்லுக்காரன் எல்லாம் இருபத்தாறாக்கிட்டான். நீங்க அங்க இருந்தப்ப வந்த சமாச்சாரம்."

கபீர் நம்பாமல் மூட்டையின் தையலைப் பார்த்தார்.

"ஏன் பாய், கொறைச்சுக் குடுத்தா கோவிச்சுக்கலாம். கூடக் குடுத்தாலுமா?"

"கூடக் குடுக்கிறவங்களத்தான் அண்ணே மொதல்ல பாக்கணும்."

பஞ்சநதம் முப்பது வருடமாக இதே இடத்தில் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர் மனம் கோணாமல் பேசத் தெரிந்தவர். ஆனால் அன்று கபீர் போன பிறகு கடைப் பையனிடம், "இந்த பாய்க்கு மட்டும் பில்லை ரெண்டு தடவ சரிபாத்துக் குடு," என்று சொன்னதாக அனீஸா பிறகு வீட்டில் சொன்னாள்.

இருபத்தாறு கிலோ, மூன்று பேர். கபீரின் கணக்கில் அது மாதக் கடைசி இரவுச் சோற்றோடு சரியாகத் தீர வேண்டும். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலையில், "மச்சான், அரிசி இல்ல," என்று ஷமா சொன்னார். மீதி நாலு நாளுக்குச் சில்லறையில் நாலு கிலோ வாங்க வேண்டியதாயிற்று. கணக்கில் இல்லாத செலவு. அடங்கியிருக்க வேண்டிய மாதம் அதோடு சம்பளத்தைத் தாண்டியது.

முதலில் அவர் பஞ்சநதத்திடம்தான் போனார்.

"புது அரிசி பாய். மாசியில அறுத்த சம்பா. உலையில கொழையும், சோறு காணாது. அதே சோத்துக்கு ஒரு பிடி கூடப் போடணும். பழைய அரிசின்னா ஒண்ணுக்கு மூணா ஒதுங்கும். வெலைதான் கொஞ்சம் ஏறும்."

டெல்டாவில் பிறந்த யாருக்கும் இது தெரியும். கபீருக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது வருடம் பாகிஸ்தான் பாசுமதியும் இந்தியப் புழுங்கலும் கன்டெய்னரில் பழசாகவே வந்து இறங்கியதில் அது மறந்திருந்தது. மே மாதத்துக்குப் பழைய அரிசி மூட்டையாக வாங்கிக்கொண்டார். கூடுதல் விலையை மீனில் ஒரு நாளைக் குறைத்துச் சரிக்கட்டினார்.

மே மாதம் வெயில் வாட்டியது. இரண்டு அறையிலும் மின்விசிறி ஓடியது. மீட்டர் அடுத்த படிக்கு ஏறிவிடும் என்ற கவலையில் கபீர் தினமும் தெருவாசலில் நின்று மீட்டரைப் படித்தார். ஒரு நாள் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தார். சிமிட்டவில்லை. யாரும் வயர் இழுக்கவில்லை என்று தெரிந்ததில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம். பிறகு ஒரு யோசனை தோன்றி, படுக்கப் போகும்போது ஃபிரிட்ஜை அணைத்து, விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழும்போது போட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மீன் ஆணம், குழம்பு முழுக்க, கெட்டுப்போனது.

"கொடுவா மீனு. கிலோ ஐநூறு," என்றார் ஷமா, சட்டியைக் கவிழ்த்தபடி. "கரன்ட்ல எவ்வளவு மிச்சம் புடிச்சீங்க?"

"நாலு ரூவா இருக்கும்," என்றாள் அனீஸா.

கபீர் எழுந்து மீட்டரைப் பார்க்கப் போனார். ஆனால் ஃபிரிட்ஜ் பிறகு அணையவில்லை.

பழைய அரிசி மூட்டை மே இருபத்தாறாம் தேதி தீர்ந்தது. முப்பத்தொரு நாள் மாதம். போன மாதத்தைவிட ஒரு நாள் முன்னதாகவே. மறுபடி சில்லறை அரிசி, மறுபடி சம்பளத்தைத் தாண்டிய மாதம். இப்போது பஞ்சநதத்தின் மேல் குற்றமில்லை, அரிசியின் மேலும் இல்லை. மீதி இருப்பது சமையல்கட்டு.

கேம்ப்பில் இந்த இடத்துக்கு வந்துவிட்டால் கபீருக்கு ஒருவித உற்சாகம் வரும். இங்கே வரவில்லை. தன் வீட்டில் ஏதோ ஒழுகுகிறது என்ற எண்ணம் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது. அந்த எண்ணத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அவர் யாரையும் தேடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து அவர் வரும் நேரத்தில் ஷமாவின் அக்காள், ஆசியா லாத்தா, கிளம்பிக்கொண்டிருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் வயர்க்கூடை. வரும்போது அது காற்றில் ஆடும், போகும்போது ஆடாது.

ஆசியாவுக்குக் கணவர் இல்லை. காலையில் இடியாப்பம் பிழிந்து விற்பவர். பள்ளிவாசல் தெருவில் ஏழு மணிக்குமேல் போனால் கிடைக்காது. தங்கை வீட்டிலிருந்து அக்காள் ஒரு கூடை எடுத்துப்போவது ஊரில் எங்கும் நடப்பதுதான். பசித்தவருக்குக் கொடுப்பதில் கபீருக்கும் மறுப்பில்லை. கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே என்பதுதான் அவர் கட்சி. கேட்காமல் கொடுப்பது, கேட்டால் கொடுக்கமாட்டார் என்று தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருப்பதாகும். அந்தத் தீர்ப்புத்தான் அரிசியைவிட அவரைச் சுட்டது. அது சரியான தீர்ப்பாக இருக்கலாம் என்ற பக்கத்தை அவர் யோசிக்கவில்லை.

ஜூன் மூட்டையை டிரம்மில் கொட்டியதும், டிரம்மின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதன் கீழே வாரத்துக்கு ஒன்றாக நாலு கோடு. முதல் வெள்ளிக்கிழமை பார்த்தபோது அரிசி கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. இரண்டாவது வெள்ளி, இரண்டு விரல்கடை. அன்று குடோனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து ஆசியா கிளம்பும்வரை வீட்டில் இருந்தார்.

"குடுங்க லாத்தா, முக்குவரைக்கும் நான் தூக்கிட்டு வர்றேன்."

"எதுக்குத் தம்பி, கனமில்ல."

"வெயில்ல போறீங்க."

கூடையைத் தூக்கினார். கை சொன்னது: ஒரு கிலோ, கொஞ்சம் கூட. மேலே ஒரு பழைய துண்டு மடித்துப் போட்டிருந்தது. முக்குவரை இரண்டு பேரும் நடந்தார்கள். கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது துண்டு நழுவியது. நழுவியதா, கபீரின் விரல் நழுவ வைத்ததா என்பதை ஆசியா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே பச்சை நிற ஜவுளிக்கடைப் பையில் அரிசி.

"இதப் பாக்குறதுக்குத்தான் வெயில்ல வந்தீங்களா தம்பி?" என்றார் ஆசியா. குரலில் கோபமில்லை. "என்கிட்ட கேக்காதீங்க. வீட்டுல கேளுங்க."

வீட்டுக்கு வந்தபோது ஷமா இரவுக்கு அரிசி களைய உட்கார்ந்திருந்தார். கபீர் சமையல்கட்டு வாசலில் நின்றார். ஷமா ஆழாக்கில் அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டார். மூன்றாவது ஆழாக்கும் விழுந்தது. பிறகு அந்தப் பாத்திரத்திலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்புமேடைக்குக் கீழே இருந்த மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் போட்டார். கபீர் பார்க்கிறார் என்று தெரிந்தேதான் போட்டார்.

கபீருக்கு அவர் தாயின் கை ஞாபகம் வந்தது. முத்துப்பேட்டை வீட்டிலும் உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி தனியே போகும். வாரம் ஒரு தடவை மதரஸாவிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக வாங்கிப்போவார்கள். ஓதுகிற பிள்ளைகளுக்கு அந்த அரிசியில்தான் சோறு. இந்தப் பக்கத்துப் பெண்களின் கைக்கு அது தொழுகைபோலப் பழக்கம். அந்தப் பிடியைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதியிருந்தார். சின்ன வயதிலிருந்தே பார்த்த ஒன்றை, பார்த்ததாலேயே எண்ணாமல் விட்டிருந்தார்.

"மதரஸாவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

ஷமா பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார்.

"ஆமான்னு சொல்லிட்டா வேல முடிஞ்சுது. ஆனா மதரஸாவுக்கு இல்ல. இந்தத் தெருவுக்கு அவங்க வர்றதும் இல்ல."

"பின்ன?"

"எனக்கு."

"ஒனக்கு எதுக்கு?"

"நீங்க போனப்புறம் சாப்புட."

கபீர் வாசலிலேயே உட்கார்ந்தார். அனீஸா உள்ளறையில் ஃபோனைப் பார்ப்பதுபோல இருந்தாள். ஃபோனில் சத்தம் நின்றிருந்தது.

"லீவு முடிஞ்சு நீங்க போவீங்க," என்றார் ஷமா. "போய் ரெண்டு மாசத்துக்குப் பணம் வராது. லீவு சம்பளத்த இங்கயே செலவழிச்சிருப்பீங்க. அந்த ரெண்டு மாசமும் ஜாபிர் காக்கா வீட்டுல நான் சோப்புக்குக் கேட்டாலும், புள்ளைக்கு மருந்துக்குக் கேட்டாலும், 'இன்னும் வரலியே'ன்னு ஒரு பதில் வரும். திட்டமாட்டாங்க. வரலியேன்னு மட்டும் சொல்லுவாங்க. அந்த வார்த்தைய நீங்க ஒரு தடவ கேட்டிருக்கணும் மச்சான். பெரிய உலை. மதரஸாவுக்கு ஒரு பிடி எடுக்கும்போது எனக்கும் ஒரு பிடி எடுப்பேன். லாத்தா வரும்போது குடுத்து விட்டா மாவாக்கி இடியாப்பத்துல போட்டுட்டுக் காசு சேத்து வெப்பா. அனீஸாவுக்கு டெங்கு வந்துச்சே, அந்த ஆஸ்பத்திரி பில்லு யாரு கட்டுனதுன்னு நெனச்சீங்க?"

"காக்கா கட்டுனார்னு..."

"காக்கா சொன்னாரு. இன்னும் வரலியேன்னு."

கபீருக்கு உடனே கோபம் வந்தது. அண்ணன்மேல் வரவேண்டியது மனைவிமேல் வந்தது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதன்மேல்தான் அது விழும்.

"அதெல்லாம் அங்க. இங்கதான் நான் இருக்கேனே. போகமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே. அப்புறமும் எதுக்குப் பிடி?"

ஷமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்து கணவர் மடியில் போட்டார். ஸ்டூடியோ உறை.

"குடி வந்த மொத வாரம் நான் பிடி எடுக்கல. லாத்தாகிட்ட, இனிமே வேணாம்னு சொல்லிட்டேன். அப்புறம் உங்க சட்டையத் தொவைக்கப் போட்டேன். எட்டுல ஆறு இருக்கு. வெள்ள பேக்ரவுண்டு. கேபிள் டிவிக்காரனுக்கா போட்டோ எடுத்தீங்க?"

உறையைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை கபீருக்கு இல்லை. இரண்டு போட்டோவை விசாவுக்காக டிராவல்ஸில் கொடுத்திருந்தார். அவர் கட்டிய கணக்கு அந்த இடத்தில் அவர் கண்முன்னே அவிழ்ந்தது. போட்டோ எடுத்ததால் பிடி போனது. பிடி போனதால் மூட்டை தீர்ந்தது. மூட்டை தீர்ந்ததால் மாதம் அடங்கவில்லை. மாதம் அடங்கவில்லை என்பதால் அவர் போக வேண்டும். இரண்டு பேர் சந்தேகித்தார்கள். இரண்டு பேரும் சரியாகவே சந்தேகித்திருந்தார்கள். சரியாக இருந்ததால் யாருக்கும் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவர் சோதனையைப் பற்றிச் சொன்னார். மூன்று மாதம், சம்பளத்துக்குள், ஹம்தான், ஜூன் கடைசி. தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஷமா நின்றபடியே கேட்டார். "அப்ப எங்களுக்குப் பரீட்ச வெச்சிருக்கீங்க. என்ன பாடம்னு சொல்லாம."

"நீ பிடி எடுக்காம இருந்திருந்தா கணக்கு அடங்கிருக்கும் ஷமா."

"நீங்க போட்டோ எடுக்காம இருந்திருந்தா நான் பிடி எடுத்திருக்க மாட்டேன்."

உள்ளறையிலிருந்து அனீஸாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அத்தா சட்டப் பாக்கெட்டும் தெரியும், உம்மா தூக்கும் தெரியும்."

"நீ ஏன் சொல்லல?" என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

"இந்த வீட்டுல யாரு யாருகிட்ட என்ன சொல்றாங்க?"

அன்று சோறு யாருக்கும் இறங்கவில்லை. பாதிப் பானை மிச்சமானது. அதையும் கபீரின் கண் அளந்தது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

ஜூன் மாதம் எப்படியும் அடங்காது என்பது தெரிந்திருந்தது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை, புத்தகம், யூனிஃபார்ம். சோதனைப்படி அவர் தோற்றுவிட்டார். சோதனையை வைத்தவரும் அவர், எழுதியவரும் அவர், திருத்த வேண்டியவரும் அவர். இரண்டு நாள் குடோனில் பெயின்ட் டப்பாக்களை எண்ணிக்கொண்டே யோசித்தார். போனால் பணம் வரும். பணம் வந்தால் இரண்டு மாதம் கழித்து வரும். அந்த இரண்டு மாதத்துக்கு ஷமா இப்போதே தயாராக இருக்கிறார், பதினேழு வருடமாகத் தயாராக இருக்கிறார். தான் போவதற்குத் தன்னைவிட வீடு நன்றாகத் தயாராகி இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதை அன்பு என்று சொல்வது அவசரமாக இருக்கும். ஸ்டோர் பொறுப்பாளரின் ரோஷமாகவும் இருக்கலாம்: தன் பொறுப்பில் உள்ள இடத்தில் ஒருவர் தன்னை நம்பாமல் தனி இருப்பு வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் ஹம்தானுக்கு ஃபோன் போட்டு, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார். ஹம்தான் காரணம் கேட்டார். "இங்க ஸ்டோர்ல சரக்கு பாத்துக்க ஆள் இல்ல," என்றார் கபீர். அடுத்து டிராவல்ஸுக்குப் போய் போட்டோவைத் திருப்பிக் கேட்டார். அவர்கள் ஒன்றைத்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து கேஸ் ஏஜென்சி. அதுவரை அடுப்பில் எரிந்தது ஜாபிரின் பெயரில் உள்ள இணைப்பு. காலி சிலிண்டர் முத்துப்பேட்டைக்குப் போய் நிரம்பி வரவேண்டும். தன் பெயரில், இந்த வீட்டு முகவரியில், புது இணைப்புக்கு விண்ணப்பம் கொடுத்தார். திரும்பி வந்த ஒன்று, சட்டையில் கொண்டுபோன உறையிலிருந்து ஒன்று என அதற்கு இரண்டு போட்டோ போயிற்று.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னார். முதல் தடவையாக, செய்த அன்றே சொன்னார். ஷமா கேட்டுக்கொண்டார்.

"சரி," என்றார். பிறகு, "மீதி அஞ்சு போட்டோவ என்ன செய்யப்போறீங்க?" என்றார்.

"கிழிச்சுப் போட்டுறவா?"

"வேணாம். இருக்கட்டும். எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

உறை அலமாரியில் பழைய இடத்துக்கே போனது. தூக்கும் அடுப்புமேடைக்குக் கீழேயே இருந்தது. ஷமா பிடி எடுப்பதை நிறுத்தவில்லை. மறைக்காமல் எடுத்தார், அவ்வளவுதான். கபீர் டிரம்மில் போட்ட கோடுகளை அழிக்கப் பார்த்தார். பேனா மை போகவில்லை. ஜூலைக்கு அவர் பட்ஜெட்டை மறுபடி சொன்னபோது, அரிசி ஒரு மூட்டை இருபத்தேழு நாள் என்றார். ஏன் இருபத்தேழு என்று அனீஸா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதத்துக்கு இரண்டானது. பேங்கிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது; எடுத்தார். அந்த மாதம் அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஒரு வருடம் இப்படி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். வாழ்நாளெல்லாம் என்று சொல்லவில்லை. ஷமாவும் அதைக் கேட்கவில்லை.

ஜூலை நடுவில், முள்ளியாற்றில் மேட்டூர்த் தண்ணீர் வந்து பாலத்தில் ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஆசியாவுக்குக் காய்ச்சல். ஷமா அங்கே போய்விட்டார். வீட்டில் இரவுச் சோறு கபீர் பொறுப்பு. நானூறு பேருக்கு அளந்து கொடுத்தவர், மூன்று பேருக்கு உலை வைப்பது இதுவே முதல் தடவை. ஆழாக்கில் அளந்தார். பாத்திரத்தில் போட்டார். அடுப்பைப் பற்றவைக்கப் போனவர் நின்றார். பாத்திரத்துக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே போட்டார். அனீஸா கதவோரம் நின்று பார்த்தாள்.

ஷமா திரும்பி வந்து மூவரும் உட்கார்ந்தபோது சோறு பத்தவில்லை.

"அளந்துதானே போட்டீங்க?" என்றார் ஷமா.

"அத்தா பிடி எடுத்தாங்க," என்றாள் அனீஸா. "அத்தா கை உம்மா கை மாதிரியா? ரெண்டு பிடி ஒரே பிடியா வந்திருக்கும்."

ஷமா எழுந்துபோய்த் தூக்கைத் திறந்து பார்த்தார். நிறையவே ஏறியிருந்தது. திரும்பி வந்து கணவர் முகத்தைப் பார்த்தார். கபீர் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்திருக்கக்கூடும்.

"இவ்வளவு எதுக்கு?" என்றார் ஷமா. "எங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

"அப்படியா," என்றார். பாதி வயிற்றோடு எழுந்து கை கழுவினார். பிறகு கொடியில் தொங்கிய அவர் சட்டையின் பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து உறையில் போட்டோக்களை எண்ணினார். ஐந்தும் இருந்தன.